இலங்கையின் இலவசக் கல்வி: எட்டியதும் எட்டாததும்

1945-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் தொடங்கி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் ஈறாக இலங்கையில் கல்விக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. அந்நாடு விடுதலை பெற்றது 1948-இல். அதற்கு முன்னரே, அயலார் ஆட்சியின் நிழலிலேயே, இவ்வளவு பெரியதோர் ஏற்பாட்டை ஒரு சிறு தீவு செய்து முடித்தது என்பதைப் பலரும் வியந்து எழுதியுள்ளனர். வியப்பு தகும். ஆயின், அவ்வறிவிப்புக்குப் பின்னர் எந்த வீட்டுப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றனர், எந்த வீட்டுப் பிள்ளைகள் செல்லவில்லை, ஏன் செல்லவில்லை என்னும் வினாக்கள் அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர்க்கு ஆகும் செலவில் கட்டணம் ஒரு கூறேயாகும். எஞ்சிய கூறுகளை யார் தாங்கினர் என்பதைப் பொறுத்தே வகுப்பறைகள் நிறைந்தன. அல்லது வெறுமையாய்க் கிடந்தன. இதனை இலங்கையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அக்காலத்தில் இலங்கையில் இருவகைப் பள்ளிகள் இருந்தன. சிங்களத்திலோ தமிழிலோ கற்பித்த தாய்மொழிப் பள்ளிகள் ஒருவகை. அங்கே கட்டணம் இல்லை. ஆங்கிலம் வாயிலாகக் கற்பித்த பள்ளிகள் மற்றொரு வகை. அங்கே மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். அரசாங்க உத்தியோகம், வைத்தியம், சட்டம், பல்கலைக் கழகம் அனைத்திற்கும் ஆங்கிலப் பள்ளியே வாயில். தாய்மொழிப் பள்ளியில் நன்கு தேறியவனும் தாய்மொழி ஆசிரியன் என்னும் படிக்கு மேல் ஏறுதல் அரிது. எனவே, 1945-இல் இலவசமாக்கப்பட்டது தொடக்கக் கல்வி என்று கருதுதல் பிழையாகும். அது முன்னரே பெரும்பாலும் இலவசமாயிருந்தது. விலை நீங்கியது இடைநிலைக் கல்விக்கும் அதற்கு மேற்பட்ட கல்விக்குமே.

அவ்விலை குடும்பங்களை எவ்வாறு பிரித்து வைத்திருந்தது என்பதற்கு மலாயாத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனாரும், ஆங்கிலத் திருச்சபையாரும், மெதடிஸ்தரும், கத்தோலிக்கரும் நடத்திய ஆங்கிலப் பள்ளிகளிலும், பின்னர்ச் சைவப் பெருமக்கள் எழுப்பிய இந்துக் கல்லூரிகளிலும் படித்தவர்களே மலாய் நாடுகளின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வந்தமர்ந்தனர். அவர்கள் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிய பணம் தம்பிமாரின் பள்ளிக் கட்டணமாயிற்று. அவ்வாறு படித்த தம்பியும் பின்னொருநாள் கப்பலேறினான். மலாயாவில் உழைக்கும் தமையன் இல்லாத வீட்டுப் பிள்ளையோ பெரும்பாலும் ஊர்த் தமிழ்ப் பள்ளியோடு நின்றுகொண்டான். இருவர்க்கும் அறிவிலே வேறுபாடு இருந்ததென்று யாரும் சொல்லத் துணியார்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1884-இல் அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பை என்னும் சிற்றூரிலே பிறந்தவர் அவர். அம்பலாங்கொடை வெஸ்லியன் பள்ளியிற் பரிசுகளை வாரிக் குவித்த அச்சிறுவனைப் பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல் பாதிரியார் கண்டார். உபகாரச் சம்பளப் பரீட்சை எழுதத் தூண்டினார். சிறுவன் வென்றான். அந்த உபகாரச் சம்பளம் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்திருந்தால், எளிய வீட்டுப் பிள்ளை காலி நகரிலே தங்கிப் படித்திருத்தல் இயலாது. விடுதியில் இடமும் உணவும் சேர்ந்து கிடைத்தமையாலேயே இயன்றது. பிற்காலத்தில் அவர் எழுப்பிய பள்ளிகளில் வகுப்பறையோடு விடுதியும் சேர்ந்து எழுந்ததற்கு வித்து இங்கேயே விழுந்திருக்கலாம்.

கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேடக் கல்விக் குழு 1943-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எதிர்ப்புப் பலமாயிருந்தது. கட்டணம் போனால் தம் பள்ளிகளின் தனியுரிமையும் உடன் போகும் என அஞ்சினர் மிஷன் பள்ளி முகாமையாளர் பலர். திறைசேரி தாங்காது என்றனர் சிலர். எல்லாரும் படித்துவிட்டால் வயலிலும் வீட்டிலும் வேலைக்கு ஆள் ஏது என்று கேட்டவர்களும் இருந்தனர். இக்கேள்வி எந்த நாட்டிலும் இத்தகைய சீர்திருத்தத்தோடு கூடவே பிறப்பதுதான். எதிர்ப்புக்கு எதிராகப் பொதுமக்களின் மனுக்களும் கூட்டங்களும் பெருகின. அரசாங்க சபை திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதியிலே கன்னங்கரா தோல்வியுற்றார். அவரால் கட்டணம் நீங்கப்பெற்ற பிள்ளைகளுக்கு அப்போது வாக்களிக்கும் வயது வந்திருக்கவில்லை.

கட்டண ஒழிப்பைவிட அவர் பெயரைக் கிராமங்களிலே நிலைநாட்டியவை மத்திய கல்லூரிகள். 1940-களின் தொடக்கம் முதல் நகரங்களைத் தவிர்த்து நாட்டுப்புறத்திலேயே அவை நிறுவப்பட்டன. சில ஆண்டுகளில் ஐம்பதுக்கு மேற்பட்டன. ஐந்தாம் வகுப்பிலே ஒரு பரீட்சை நடக்கும். அதில் தேறிய கிராமப் பிள்ளை மத்திய கல்லூரிக்கு வருவான், விடுதியிலே தங்குவான், உணவும் அரசாங்கச் செலவு. விஞ்ஞானக் கூடம், நூலகம், விளையாட்டிடம் என்று அதுவரை கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் மட்டும் காணப்பட்டவை வயல்வெளிகளின் நடுவே தோன்றின. தமிழர் வாழும் பகுதிகளில் யாழ்ப்பாணத் தீவுகளிலுள்ள வேலணையிலும், மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையிலும் எழுந்த மத்திய கல்லூரிகள் குறிப்பிடத்தக்கவை.

வந்தாறுமூலையைச் சற்று நின்று நோக்குதல் தகும். மட்டக்களப்பு நாடு வாவியால் இரண்டாகப் பிளவுண்டது. கடற்பக்கம் எழுவான்கரை, உட்பக்கம் படுவான்கரை. ஆங்கிலப் பள்ளிகள் எழுவான்கரையிலே, அதிலும் மட்டக்களப்புப் பட்டினத்திலே நின்றுவிட்டன. படுவான்கரையின் வேளாண் குடும்பத்துப் பிள்ளை வாவியைத் தோணியிற் கடந்து, மாரியில் வெள்ளத்தையும் கடந்து நாள்தோறும் பள்ளிக்கு வந்து போதல் நினைத்தற்கும் அரிது. அப்பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அச்சொல் வாவியின் இக்கரையிலேயே நின்றிருக்கும். விடுதிக் கட்டிலும் மூன்று வேளைச் சோறும்தாம் அவனை அக்கரையிலிருந்து கொணர்ந்தன. அக்கல்லூரி வளாகத்திலேயே 1981-இல் மட்டக்களப்புப் பல்கலைக் கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இன்றைய கிழக்குப் பல்கலைக் கழகம் அதன் வளர்ச்சியே.

இடைநிலை வகுப்புகளைக் கிராமப் பிள்ளைகளால் நிறைத்த மற்றொரு காரணம் மொழி. 1945-இல் கட்டணம் போயிற்று, ஆங்கிலம் போகவில்லை. தொடக்க வகுப்புகளிலே தாய்மொழி கட்டாயமாயிற்றேனும், மேல் வகுப்புகள் 1950-களிலேதான் ஆறாம் வகுப்பு முதலாக ஒவ்வொன்றாய்ச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. அதன் பின்னரே ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைகளின் தொகை வெள்ளம்போற் பெருகிற்று. 1946-இல் 100 பேரில் ஏறத்தாழ 58 பேர் எழுத்தறிந்தவராயிருந்த நாட்டில் 1971-இல் அத்தொகை ஏறத்தாழ 78 ஆயிற்று. பெண் பிள்ளைகள் இதனால் பெற்ற பயன் தனியே நோக்கத்தக்கது. கட்டணம் கட்டிப் படிக்கவைக்க வேண்டிய காலத்தில் ஆண் மகனையே தெரிந்தெடுத்த வீடுகள், கட்டணமில்லாத பள்ளி ஊரிலேயே அமைந்த பின்னர் மகளையும் அனுப்பின. இருபதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே உயர் வகுப்புகளில் மாணவியர் மாணவரை விஞ்சினர்.

ஆயினும் கட்டணம் ஒரே நாளில் முற்றும் ஒழிந்ததெனக் கொள்ளலாகாது. தனியார் பள்ளிகளுக்குத் திட்டத்தில் சேர்வதா, வெளியே நிற்பதா என்று தெரிவு செய்யக் காலக்கெடு கொடுக்கப்பட்டது, அக்கெடுவும் நீட்டப்பட்டது. பெரும்பாலானவை சேர்ந்தன. சேர்ந்த பள்ளிகள் சிலவற்றில் ‘வசதிக் கட்டணம்’ என்ற பெயரால் சிறுதொகை வாங்க 1950-களிலே இடமளிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கும் விளையாட்டுக்கும் நூலகத்துக்குமாக என்று சொல்லி வாங்கப்பட்டது அது. தொகை சிறிதேனும், வாயிலில் வந்து நிற்கும் ஏழைத் தந்தைக்கு அது பழைய கட்டணத்தின் முகத்தையே காட்டியிருக்கும்.

பணத்தால் மட்டும் திறவாத வாயில்களும் இருந்தன. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ தனிப் பலகையிலோ அமர்த்தப்பட்டனர்; பல பள்ளிகளில் இடமே பெறவில்லை. 1929-ஆம் ஆண்டையொட்டி, உதவிப் பணம் பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தரவேண்டுமென அரசாங்கம் பணித்தபோது எழுந்த எதிர்ப்பில் சில பள்ளிக் கொட்டகைகள் தீக்கிரையாயின. 1945-இன் இலவசக் கல்வி இப்பிள்ளைகளுக்கும் சட்டப்படி உரியதே. எனினும், அவர்கள் இடைநிலை வகுப்புகளை எட்டியது சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற இயக்கங்கள் போராடியதன் பின்னரும், அவர்கள் வாழும் இடங்களுக்கு அருகே 1950-களின் பிற்பகுதியில் அரசாங்கப் பள்ளிகள் எழுந்ததன் பின்னரும்தாம்.

இனி உணவு. ஒரு பிள்ளையின் நண்பகல் உணவு ஓர் அரசாங்கத்தையே அசைக்கும் என்பதை 1953-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்த வரவுசெலவுத் திட்டத்தில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிற்று. இரயில், தபாற் கட்டணங்கள் ஏறின. பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டு வந்த இலவச நண்பகல் உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் தீவெங்கும் ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைபட்டன, இரயில்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் மாண்டன. மந்திரிசபை துறைமுகத்திலிருந்த போர்க்கப்பலிலே கூடிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஹர்த்தாலுக்கு முதற் காரணம் அரிசியே என்பதில் ஐயமில்லை. ஆனால், பிள்ளையின் ‘பணிஸ்’ பறிபோயிற்று என்ற சொல் (பன் ரொட்டியை இலங்கையர் அவ்வாறு அழைப்பர்) அரிசி விலையோடு சேர்ந்தே நாட்டின் நினைவில் நின்றுவிட்டது.

கட்டணம் இல்லாத பள்ளியிலே உணவும் இல்லையெனின் என்ன நிகழும்? தொலைவிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்துவரும் பிள்ளை பிற்பகலில் வகுப்பில் இருத்தல் அரிது. வாரத்தில் மூன்று நாள் வரும். பின்னர் இரண்டு நாள். அதன்பின் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். பின்வந்த அரசாங்கங்கள் இதனை உணர்ந்தமையாலேயே பாலும் பணிசும் மீண்டும் வந்தன. ‘கேர்’ என்னும் அமெரிக்க உதவி நிறுவனத்தின் பால்மாவும் பிஸ்கோத்தும் பல்லாண்டுகள் பள்ளிகளுக்கு வந்தன.

இவை யாவும் எட்டாத ஒரு நாடு இலங்கைக்குள்ளேயே இருந்தது. அஃது மலையகத் தோட்டங்கள். தேயிலைக்கும் இரப்பருக்குமாகத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே பள்ளி நடத்தவேண்டும் என 1907-ஆம் ஆண்டுக் கிராமப் பள்ளிச் சட்டமும் 1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வகை செய்தன. மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது இதே கடமையைச் சுமத்தியதை இங்கே ஒப்பிட்டு நோக்கலாம். இரு நாட்டிலும் விளைவு ஒன்றே: லயத்தின் ஒரு கோடியிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், சில ஆண்டுப் படிப்பு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் இலங்கைத் தோட்டப் பள்ளிகளிலே வகுப்புகள் இல்லை. இல்லாத வகுப்புக்குக் கட்டணத்தை நீக்கியதால் அங்குள்ள பிள்ளைக்கு வந்த பயன் யாது?

தோட்டத்திலே பிள்ளையின் நேரத்துக்கு விலை இருந்தது என்பதையும் மறக்கலாகாது. 1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூன்று விகிதங்களை வகுத்தது. அதன்படி முதலில் விதிக்கப்பட்ட கூலி தாழ்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், சிறுவருக்கு 30 சதம். ஆணின் கூலியில் ஐந்தில் மூன்று பங்கைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொண்டுவரும் வீட்டிலே, அப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் என்பது அக்கூலியை இழப்பதாகும். எந்தப் பள்ளிக் கட்டணத்தைவிடவும் அது பெரிது. அதனை ஈடுசெய்ய அரசாங்கமும் முன்வரவில்லை. தோட்டத் துரைமாரும் முன்வரவில்லை. கொழுந்து பறிக்கப் போகாத சிறுமிக்கும் வேலை இருந்தது. தாய் மலைக்குப் போகையில் கைக்குழந்தையை விட்டுச்செல்லும் ‘பிள்ளைக் காம்பரா’ சரிவர நடவாத தோட்டங்களிலே மூத்த மகளே தாயானாள்.

ஐந்தாம் வகுப்பைக் கடந்த சிலர் அட்டன், நாவலப்பிட்டி, பதுளை போன்ற பட்டினங்களின் தமிழ்ப் பள்ளிகளை நாடினர். தோட்டத்திலிருந்து பட்டினத்துக்குப் பல மைல். பேருந்து எல்லா வழியிலும் ஓடுவதில்லை. பட்டினத்தில் தங்க உறவினர் வேண்டும். பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அவ்வாறு படித்தனர். 1948-இல் குடியுரிமை பறிபோனமையும், 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராய்க் குறிக்கப்பட்டமையும் இதனோடு சேர்ந்தன. எந்நேரத்திலும் கப்பலேறக்கூடிய வீடு தன் பிள்ளையின் பத்தாம் வகுப்பைப் பற்றி எண்ணுவது எங்ஙனம்?

1960, 1961-ஆம் ஆண்டுகளில் உதவிப் பணம் பெற்ற பள்ளிகள் பலவற்றை அரசாங்கம் தானே ஏற்றது. தோட்டப் பள்ளிகளை ஏற்கவில்லை. தோட்டங்களே தேசிய உடைமையான 1970-களிலேதான் அவை அரசாங்கப் பள்ளிகளாயின. அதுவும் பஞ்சகாலம். 1973, 1974-இல் மலையகத்திலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர். 1981-ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் எழுத்தறிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 87 பேராக இருக்க, தோட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவிலேயே நின்றனர். ஒரே அரசாங்கம், ஒரே இலவசக் கல்வி. 36 ஆண்டுகள் கழிந்தும் இவ்வளவு இடைவெளி.

அவ்விடைவெளி சுருங்கத் தொடங்கியது 1980-களின் நடுப்பகுதியிலிருந்து. சுவீடன் நாட்டின் உதவியோடு தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. அதைவிட முக்கியமானது, தோட்ட இளைஞர்களையே தேர்ந்து ஆசிரியராக்கியமை. தன் லயத்திலேயே பிறந்த ஒருத்தி ஆசிரியையாக வந்து நிற்பதைக் கண்ட தாய், மகளை ஆறாம் வகுப்புக்கும் அனுப்பத் துணிந்தாள். பத்தனையில் ஜெர்மானிய உதவியோடு அமைந்த ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரி அவ்வாசிரியர்களைப் பயிற்றிற்று. பள்ளிகள் சிலவற்றில் மேல் வகுப்புகள் படிப்படியாகச் சேர்ந்தன. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் மலையகத் தமிழ்ப் பள்ளிகள் பின்னரும் மிகச் சிலவாகவே இருந்தன.

நாடளாவிய உதவிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1980-இல் பாடநூல்கள் இலவசமாயின. நண்பகல் உணவை நிறுத்தியவர் என 27 ஆண்டுக்கு முன்னர்த் தூற்றப்பட்ட அதே ஜயவர்த்தனா அப்போது சனாதிபதி. 1989-இல் பிரேமதாசா ஆட்சியில் நண்பகல் உணவு மீண்டது. 1993-இல் சீருடைத் துணி இலவசமாயிற்று. பேருந்துக்குச் சலுகை விலையில் பருவச் சீட்டும் கிடைத்தது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பள்ளி வருகை கட்டாயமாயிற்று. 2016-இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. இதற்கிடையே பள்ளிக்கு வெளியே தனிப் பாடவகுப்பு என்னும் புதிய கட்டணம் ஒன்று, எந்தச் சட்டமும் விதிக்காமலே, கிட்டத்தட்ட எல்லா வீட்டு வாயிலுக்கும் வந்துவிட்டது.

2022-இல் இலங்கை அந்நியச் செலாவணியின்றித் திணறியபோது கல்விக் கட்டணம் எதுவும் ஏற்றப்படவில்லை. ஆயினும் மார்ச்சுத் திங்களில் காகிதம் இல்லாமையால் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. எரிபொருள் இன்றிப் பேருந்துகள் நின்றன. பள்ளிகள் சில வாரம் மூடப்பட்டு, பின்னர் வாரத்தில் மூன்று நாள் என நடந்தன. அப்பியாசக் கொப்பியின் விலையும் சப்பாத்தின் விலையும் பல மடங்கு ஏறின. பள்ளிகள் மீண்டும் முழுமையாகத் திறந்தபோது, தோட்டங்களிலும் வறிய கிராமங்களிலும் பிள்ளைகள் ஒழுங்காக வராமைக்கு ஆசிரியர்கள் கூறிய காரணங்கள் இரண்டு: காலையில் வீட்டில் உணவில்லை, பேருந்துக்குக் காசில்லை.